புளி போட்டுத் துலக்கிய சிறுத்தை

லண்டனுக்கு நான் போனது ஊர் சுற்ற அல்ல, மண் கலக்கும் மெஷின் ஒன்றைப் பார்க்க. கோயம்புத்தூரில் பவுண்டரி வைத்திருக்கிறேன். பம்புகளுக்கு வெண்கலப் பாகங்கள் வார்க்கிற தொழில். வெண்கலம் எனக்கு அத்துப்படி என்று முப்பது வருடமாக நானும் சொல்லி, ஊரையும் சொல்ல வைத்திருக்கிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், கிழக்கு லண்டனில் மூடப்போகிற பவுண்டரி ஒன்றில் நல்ல மெஷின் விலைக்கு வருகிறது என்று காதில் விழுந்தது. பெட்டியைக் கட்டிவிட்டேன். வேலை இரண்டு நாள், மிச்ச நாளெல்லாம் சும்மா என்பது திட்டம். சும்மா இருந்த நாட்களில்தான் வம்பு வந்தது.

தங்கியது இல்ஃபோர்டில், சிவபாதம் வீட்டில். யாழ்ப்பாணத்துக்காரன், கோவையில் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். ஊரில் கலவரம் ஆன பிறகு மனைவி தவமணியோடு இங்கே வந்து சேர்ந்தான். அவனுக்குக் கிடங்கு ஒன்றில் காலை ஷிப்ட். தவமணி வால்தம்ஸ்டோவில் தனியாக இருக்கிற ஒரு வெள்ளைக்கார அம்மாளுக்கு வீட்டு வேலை பார்த்து வந்தார். அந்த அம்மாள் பெயர் மிஸஸ் விட்லி.

போய் இறங்கிய மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் புட்டு, கத்தரிக்காய்ப் பால்கறி, மீன் குழம்பு. எங்கள் பக்கம் தேங்காயைப் பார்த்துப் பார்த்துத்தான் போடுவோம். இவர்கள் வீட்டில் தேங்காய்க்குள்தான் மற்றதெல்லாம் கிடக்கிறது. மூன்றாவது முறை புட்டு வாங்கிக்கொண்டபோது தவமணி மெல்ல ஆரம்பித்தார்.

"அண்ணை, உங்களுக்கு வெண்கலம் நல்லாய்த் தெரியுமெல்லே? நான் வேலைக்குப் போற வீட்டில ஒரு வெண்கலச் சிறுத்தை கிடக்கு. நல்லாய்க் கறுத்துப்போச்சு. மனுசி இடுப்பு ஆபரேசனுக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா, வெள்ளிக்கிழமைதான் வருவா. வாறதுக்குள்ள அதை வடிவாய் மினுக்கி வைப்பமெண்டு பாக்கிறன். என்னத்தால மினுக்கிறது?"

"இதெல்லாம் ஒரு கேள்வியாங்க அம்மிணி? புளியும் கல்லுப்பும் கரைச்சுப் பூசி ஊற வெச்சு, நாரால அழுத்தித் தேயுங்க. ஒரு தடவைக்குப் போகலீன்னா நாலு தடவை. கறுப்பு எங்க போச்சுன்னே தெரியாதுங்க."

"உவன் வெண்கலத்தில டொக்டர்," என்றான் சிவபாதம். "உவன் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

அது எந்தக் காலத்துச் சாமான், எங்கே வார்த்தது, யார் வார்த்தது என்று நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது என்ற நினைப்பு. தவமணி அன்று சாயந்திரமே ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கிற நம்மவர் கடைக்குப் போய் ஒரு கட்டி புளி வாங்கி வந்தார்.

திங்கட்கிழமை மெஷின் பார்க்கப் புறப்பட்டேன். ரயில் இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே நின்றுவிட்டது. முக்கால் மணி நேரம். பெட்டி நிறைய ஆட்கள், ஒருவர் வாயைத் திறக்கவேண்டுமே! எங்கள் ஊர் ரயில் அவ்வளவு நேரம் நின்றிருந்தால் நாலு பேர் இறங்கி எஞ்சின் டிரைவரை விசாரித்திருப்பார்கள், இரண்டு வீட்டுச் சாப்பாட்டுப் பொட்டலம் கைமாறியிருக்கும், ஒரு கல்யாணத்துக்குக்கூடப் பேச்சு ஆரம்பித்திருக்கும். இங்கே எதிர் சீட்டுக்காரர் ஒரே பேப்பரை இரண்டாம் முறை முதலிலிருந்து படித்தார். நான் மட்டும் "என்ன ஆச்சுங்க?" என்று ஆங்கிலத்தில் பொதுவாகக் கேட்டு வைத்தேன். எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள்.

மெஷின் நல்ல மெஷின். அந்தப் பவுண்டரியின் போர்மேன் பால் ஊற்றியும் கறுப்பாகவே இருந்த டீயைக் குவளை நிறையக் கொடுத்தார். என் கை விரல்களைப் பார்த்துவிட்டு, "நீங்கள் மேஜையில் உட்கார்ந்து முதலாளித்தனம் பண்ணுகிறவர் இல்லை போலிருக்கிறது," என்றார். அந்த ஒரு வார்த்தைக்கே எனக்குத் தலைகால் புரியவில்லை. செவ்வாய்க்கிழமை மழையில் குடை முறிந்து, நனைந்த கோழியாகப் போய் நின்று பேச்சை முடித்தேன்.

புதன்கிழமைதான் ஊருக்கு நடுவில் இருக்கிற பெரிய மியூசியம் ஒன்றுக்குப் போனேன். கால் வலித்து உட்கார இடம் தேடிய இடத்தில், கண்ணாடிப் பெட்டிகளுக்குள் வெண்கல மிருகங்கள் வரிசையாக இருந்தன. ஒரு முழத்துக்கு மேல் எதுவும் இல்லை. முயலைக் கவ்விய வேட்டைநாய், பாம்பை மிதித்த சிங்கம், காது விடைத்த மான், காலை நக்கும் ஆடு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சில் செய்தவை என்று எழுதியிருந்தது.

பார்த்ததும் எனக்கு ஆச்சரியம் ஒன்று. நம்முடைய கோயில் வெண்கலத்தில் மிருகம் தனியாக எங்கே இருக்கிறது? மயில் என்றால் மேலே முருகன், காளை என்றால் சிவன், எலி என்றால்கூட மேலே ஏறப் பிள்ளையார் காத்திருக்கிறார். இங்கே சிங்கத்தின் மேல் யாரும் இல்லை. அது தன் பசியை மட்டும் பார்த்துக்கொண்டு, தன் பாட்டுக்குப் பாம்பை மிதித்துக்கொண்டிருந்தது. விலா எலும்பு ஒவ்வொன்றும் தோலுக்கு அடியில் அசையும் போல் இருந்தது. பிரமாதம் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

அந்த அறைக் காவலர் நரைத்த தலை, சீருடை போட்ட மனிதர். பொழுது போகாமல் நின்றிருந்தார் போலும், பக்கத்தில் வந்தார்.

"இது மெழுகில் வார்த்தது இல்லை. மண்ணில் துண்டு துண்டாக வார்த்து ஒட்டியிருக்கிறார்கள். அதோ, பின்னங்காலில் ஒட்டுத் தெரிகிறது," என்றேன். என் தொழிலும் மண் வார்ப்புத்தானே, விடுவேனா?

"இத்தனை வருடத்தில் என்னிடம் அதைச் சொன்ன முதல் ஆள் நீங்கள்," என்றார் அவர். மனிதருக்கு உற்சாகம் வந்துவிட்டது. இந்தச் சிற்பிகள் பாரிஸ் மிருகக்காட்சிசாலையே கதி என்று கிடந்தவர்களாம். அங்கே சிங்கம் செத்தால் ஆள் அனுப்பிச் சொல்லுவார்களாம். இவர்கள் நூலும் அளவுகோலும் எடுத்துக்கொண்டு ஓடுவார்களாம். மிருகம் செய்வதெல்லாம் ஒரு கலையா என்று பெரிய மனிதர்கள் முதலில் சேர்த்துக்கொள்ளவில்லையாம். ஜனங்கள்தான் சின்னதாக வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டார்களாம்.

"எல்லாம் சரி," என்றேன் நான். "இவ்வளவு அருமையான சாமானை இப்படிக் கறுக்க விட்டிருக்கிறீர்களே! எங்கள் ஊர்ப் பெண்கள் கையில் கொடுத்தால் ஒரே காலையில் பளபளவென்று ஆக்கிவிடுவார்கள்."

காவலர் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும்! "கடவுளே, வேண்டாம்," என்றார். "அது அழுக்கு இல்லை ஐயா. அந்தப் பழுப்பைச் சிற்பியே இருந்து ஏற்றியது. நெருப்பில் காட்டி, மருந்து பூசி, மெழுகு தேய்த்து, நாள் கணக்காக. ஒவ்வொருவருக்கும் தனிப் பக்குவம், வெளியே சொல்லமாட்டார்கள். அதுதான் இந்த மிருகங்களின் தோல். அதைத் தேய்த்து எடுத்தால் உரித்த மாதிரி."

சிவபாதம் வீட்டுப் புட்டும் கட்டிப் புளியும் கண் முன்னால் வந்து நின்றன. அவருக்கு நன்றி சொன்னேனா என்றுகூட ஞாபகம் இல்லை. ஓடினேன். அவசரத்தில் எதிர்ப் பக்கம் போகிற ரயிலில் ஏறி, நாலு ஸ்டேஷன் போய்த்தான் தெரிந்தது.

இல்ஃபோர்ட் வந்து சேர்ந்தபோது தவமணி சமையலறையில் இருந்தார். விரல் நகமெல்லாம் கறுத்திருந்தது. முகம் நிறையச் சிரிப்பு.

"அண்ணை, இண்டைக்குத்தான் முடிஞ்சுது. மூண்டு நாள் தேய்ச்சனான். இப்ப பாத்தால் தங்கம் கெட்டுது போங்கோ!"

எப்படிச் சொல்வது? சுற்றி வளைக்க எனக்கு வராது, காவலர் சொன்னதை அப்படியே சொல்லிவிட்டேன். தவமணி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அடுப்பில் தேங்காய்ப்பால் சொதி பொங்கி வழிந்தது, நான்தான் போய் அணைத்தேன்.

"வேலை போனாப் போகட்டும் அண்ணை," என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "வேறை வீடு பாக்கலாம். நாலு வருசமா அந்த வீட்டுத் திறப்பு என்ரை கையில. இந்த ஊரில என்னை நம்பின முதல் ஆள் அவதான். இப்ப அவ இல்லாத நேரம் பாத்து அவவின்ர சாமானை நாசமாக்கிப் போட்டன்."

"நான் சொல்லித்தானேங்க செஞ்சீங்க?"

"தேய்ச்சது நான் எல்லே?"

சிவபாதம் என்னை டாக்டர் என்று கூப்பிடவில்லை. அன்று முழுக்க என்னை எதுவுமே கூப்பிடவில்லை.

வியாழக்கிழமை தவமணியோடு வால்தம்ஸ்டோ போனேன். அவர் திறப்பைப் போட்டுக் கதவைத் திறந்தார். திறப்பு என்றால் நம்முடைய சாவிதான். கணப்புக்குப் பக்கத்தில் சாய்வு நாற்காலி, அதன் கைப்பிடியை ஒட்டி ஒரு குட்டை மேசை, மேசை மேல் சிறுத்தை. முன்னங்கால்களை நீட்டி, தலையை மட்டும் தூக்கிப் படுத்திருந்தது. காவலர் காட்டியவற்றுக்கு எந்த வகையிலும் குறைந்த வேலை இல்லை. தோள்பட்டைச் சதை, மடிந்த வயிற்றுத் தோல், காதுக்குள் முடி வரைக்கும் உளிபட்ட இடம் ஒவ்வொன்றும் உயிர். ஆனால் நிறம்? புதிதாக மாட்டிய தண்ணீர்க் குழாய் போல மஞ்சளாக மின்னியது. எனக்கே பார்க்கச் சகிக்கவில்லை.

"விடுங்க அம்மிணி, மருந்து போட்டுப் பழுப்பு ஏத்திருலாம்," என்றேன். தைரியம் எனக்கு அத்தனை சீக்கிரம் போகாது. மெஷின் பார்த்த பவுண்டரிக்கு ஓடினேன். போர்மேன் கதையைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு சூடு காட்ட ஒரு புளோ லாம்பும், கந்தக மருந்து ஒரு பாட்டிலும், தேன்மெழுகும் கொடுத்தார்.

அந்தப் பாட்டிலோடு பஸ்ஸில் ஏறியதை மறக்கமுடியாது. மூடி சரியாக இறுகவில்லை. பத்து அழுகின முட்டையை உடைத்தது போல் நாற்றம். முதலில் பக்கத்து சீட்டு காலியானது. பிறகு முன் சீட்டு, பின் சீட்டு. ரயில் நின்றபோது வாய் திறக்காத அதே ஜனங்கள் இப்போதும் வாய் திறக்கவில்லை, மாடிக்கு ஏறிப் போய்விட்டார்கள். கீழ்த்தட்டு முழுக்க எனக்கே எனக்கு.

இவ்வளவு பாடுபட்டு வந்தால், தவமணி பாட்டிலைக் கையில் வாங்கவே மாட்டேன் என்றார்.

"நாளைக்கு அவ வரமுன்னம் பூசினால் அது ஒளிக்கிறது, அண்ணை. எனக்கு ஏலாது. முதல்ல சொல்லுவம். பேந்து பூசுறதோ விடுறதோ அவ சொல்லட்டும்."

"பூசிட்டுச் சொன்னா என்னங்க?"

"பூசினால் பேந்து சொல்ல மனம் வராது."

பாட்டிலை அந்த வீட்டுத் தோட்டத்தில் ஒரு மூலையில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை மிஸஸ் விட்லி ஆஸ்பத்திரி வண்டியில் வந்து இறங்கினார். எண்பதை நெருங்கிய வயது, குச்சி போல் உடம்பு, இரண்டு கையிலும் ஊன்றுகோல். தவமணி தாங்கிப் பிடித்துக் கூட்டி வந்து சாய்வு நாற்காலியில் உட்காரவைத்தார். என்னைச் சிவபாதத்தின் நண்பர் என்று அறிமுகப்படுத்தினார். அந்த அம்மாள் எனக்குத் தலையசைக்கத் திரும்பியபோது மேசையைப் பார்த்தார்.

சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எவ்வளவோ தேவலை.

"நான்தான் செய்தேன், மேடம்," என்றார் தவமணி ஆங்கிலத்தில். "உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். தெரியாமல் செய்துவிட்டேன்." என் பெயரை எடுக்கவே இல்லை. நானும் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றேன். ரயிலிலும் மியூசியத்திலும் யாரும் கேட்காமலே பேசிய வாய், அப்போது திறக்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

"இது என் கணவருடையது," என்றார் மிஸஸ் விட்லி. "இந்த நாற்காலியில் உட்கார்ந்து ரேடியோ கேட்பார். இடது கையை அதன் முதுகில் வைத்துக்கொள்வார். முப்பத்தெட்டு வருடம். கை பட்டுப் பட்டு அந்த ஓர் இடம் மட்டும் பொன்னாக இருந்தது. அவர் போனபிறகு நான் அதைத் துடைக்கக்கூட விட்டதில்லை."

"அதைப் பாத்துத்தான் அண்ணை, முழுக்க இப்பிடி மினுங்கும் எண்டு நினைச்சன்," என்று தவமணி என்னிடம் தமிழில் முணுமுணுத்தார்.

"சாவியை மேசையில் வைத்துவிட்டு நீ இன்றைக்கு வீட்டுக்குப் போ," என்றார் அந்த அம்மாள்.

தவமணி பையைத் திறந்து சாவியை எடுத்து வைத்தார். அதைப் பார்த்தபிறகுதான் எனக்கு நாக்கு அசைந்தது.

"அம்மா, தப்பு என்னுடையது. முப்பது வருடம் வெண்கலம் வார்க்கிறேன் என்ற திமிரில், பொருளைப் பார்க்காமலே யோசனை சொன்னவன் நான். இவர் என்னை நம்பினார். எங்கள் ஊரில் வெண்கலம் கறுத்திருந்தால் அந்த வீட்டில் கவனிக்க ஆள் இல்லை என்று அர்த்தம். உங்களைக் கவனிக்க ஆள் இருக்கிறது என்று காட்டத்தான் இவர் மூன்று நாள் தேய்த்தார்."

"நீங்கள் பார்க்கவே இல்லையா?"

"இல்லை."

"பார்க்காமலே சொன்னீர்களா?"

"ஆமாம்."

அந்தக் கேள்விகளை அவர் மறுபடி கேட்டிருந்தாலும் அதே பதில்தான். வேறு பதில் என்னிடம் இல்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு சிறுத்தையின் முதுகில் விரலை வைத்தார். கழுத்திலிருந்து மெதுவாகப் பின்பக்கம் நகர்த்தினார். நடு முதுகுக்குச் சற்றுப் பின்னால் விரல் நின்றது. இரண்டு முறை முன்னும் பின்னும் தடவினார்.

"இங்கே முடி வழுவழுவென்று இருக்கிறது," என்றார். கண்ணைத் திறக்கவில்லை. "மற்ற இடத்தில் உளிக் கோடு கையில் தட்டுகிறது. இங்கே தட்டவில்லை."

நான் போய்த் தொட்டுப் பார்த்தேன். உண்மைதான். முப்பத்தெட்டு வருடம் ஒரு உள்ளங்கை தேய்த்த இடம். புளிக்கு அவ்வளவு பலம் இல்லை.

"பழுப்பு ஏற்றித் தருகிறேன், அம்மா," என்றேன். "பழைய நிறம் அப்படியே வரும் என்று சொல்லமாட்டேன். கிட்டே வரும்."

நான் இப்படி அடக்கிப் பேசியது என் பவுண்டரி ஆட்கள் காதில் விழுந்திருந்தால் நம்பியிருக்கமாட்டார்கள். மிஸஸ் விட்லி கண்ணைத் திறந்தார். "நாளைக்கு வாருங்கள். அவளையும் கூட்டி வாருங்கள்," என்றார்.

சனிக்கிழமை காலையில் நானும் தவமணியும் போனோம். நாலு வருடத்தில் முதல் தடவையாகத் தவமணி அந்த வீட்டு மணியை அடித்தார். அடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். உள்ளே ஊன்றுகோல் ஒவ்வொரு அடியாகத் தட்டித் தட்டி வர ஐந்து நிமிடம் ஆயிற்று.

தோட்டத்தில் செங்கல் அடுக்கிச் சிறுத்தையை வைத்தேன். மிஸஸ் விட்லி கம்பளி போர்த்திக்கொண்டு பக்கத்தில் நாற்காலி போடச் சொன்னார். வழுவழு இடத்தைச் சுற்றி அவரே சாக்பீஸ் கோடு போட்டார். அதைத் தாண்டி மருந்து போகக்கூடாது. நான் புளோ லாம்பால் சூடு காட்ட, தவமணி பிரஷால் மருந்தைத் தொட்டுத் தொட்டு வைத்தார். எத்தனை வீட்டு வேலை பார்த்த கை அது! என் ஆட்களில் யாருக்கும் அந்த நிதானம் கிடையாது. மஞ்சள் முதலில் தேன் நிறமாகி, பிறகு வெல்லப்பாகு நிறத்துக்கு வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் நாற்றம் தாங்காமல் ஜன்னலை அடித்துச் சாத்தினார். சூடு இருக்கும்போதே தேன்மெழுகைத் துணியில் எடுத்துத் தேய்த்தோம்.

"பழைய சிறுத்தை இல்லை," என்றார் மிஸஸ் விட்லி, தலையைச் சாய்த்துப் பார்த்து. "கொஞ்சம் சிவப்புக் கூடிவிட்டது." அதுவும் உண்மைதான். நான் மறுக்கவில்லை.

தூக்கிக்கொண்டு போய் மேசையில் வைத்தேன். இன்னும் ஆறவில்லை, கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் உட்கார்ந்து உள்ளங்கையை அந்த இடத்தில் வைத்துவிட்டார். பதறிப்போய்த் தவமணி கையைப் பிடிக்கப் போனார். மிஸஸ் விட்லி எடுக்கவில்லை. சுடுகிற சூடு இல்லை போலும்.

அந்த அம்மாளின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது, துடைக்கவில்லை.

"வெதுவெதுப்பாக இருக்கிறது," என்றார். "அவர் இப்போதுதான் எழுந்து டீ போடப் போன மாதிரி."

தவமணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, சொல்வதில் என்ன வெட்கம். மிஸஸ் விட்லி மற்றக் கையை நீட்டித் தவமணியின் கையை இழுத்து, தன் கைக்கு அடியில் அந்த இடத்தில் வைத்தார்.

"ஆறுவதற்குள் நீயும் பார்," என்றார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கோபக்காரக் குரலை மறுபடி வரவழைத்துக்கொண்டு சொன்னார்: "திங்கட்கிழமை வரும்போது மணி அடிக்காதே. இந்த இடுப்பை வைத்துக்கொண்டு என்னால் எழுந்து வர முடியாது. நீயே திறந்துகொண்டு வா."